மகளுக்கு எடுத்தனான்

கொலோன் நகரத்து இந்தியத் தமிழ்க் குடும்பங்களில் வசுந்தராவின் ஜெர்மனுக்கு நல்ல பெயர் இருந்தது. சென்னையில் கல்லூரி முடித்த கையோடு அந்த மொழியை ஆசைப்பட்டுப் படித்தவள் அவள். கணினி வேலைக்கு வந்த கணவன் கிரிதரோடு இங்கே குடியேறியபோது, மற்றப் பெண்களெல்லாம் ரொட்டிக் கடையில் கையைக் காட்டி வாங்கிக்கொண்டிருக்க, இவள் மட்டும் கடைக்காரியோடு வானிலை பேசினாள். வாடகை ஒப்பந்தம் புரியவில்லையா, பிள்ளையின் பள்ளியிலிருந்து கடிதம் வந்திருக்கிறதா, கூப்பிடு வசுந்தராவை. அந்தப் பெயர் அவளுக்குப் பிடித்திருந்தது.

ஆகவே 2003 செப்டம்பரில் ஒரு மொழிபெயர்ப்பு நிலையத்திலிருந்து அழைத்து, வழக்கமாகப் போகிற தமிழ் மொழிபெயர்ப்பாளர் விடுமுறையில் இருக்கிறார், ஒரு போலீஸ் விசாரணைக்கு நாளைக் காலை போக முடியுமா என்று கேட்டபோது, யோசிக்க நேரம் கேட்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை.

ஹம் நகரம் வரை ஒரு ரயில். அங்கிருந்து இரண்டே பெட்டிகள் உள்ள இன்னொரு ரயிலில் மூன்றாவது நிறுத்தம். சிறிய ஊர். சிறிய போலீஸ் அலுவலகம். நடையில் போட்டிருந்த பெஞ்சில் நாற்பதைத் தாண்டிய ஒரு பெண் கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வேலைக்குப் போடும் வெள்ளைச் செருப்போடே வந்திருந்தாள். வசுந்தராவின் நெற்றிப்பொட்டைக் கண்டதும் எழுந்து நின்றாள்.

"அக்கா, நீங்கள் தமிழோ? இப்பதான் எனக்கு மூச்சு வருது."

வசுந்தராவைவிட ஆறேழு வயதாவது மூத்தவள். இருந்தும் அக்கா என்றாள். பெயர் யோகம். பதினொரு வருடமாக ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. வயதானவர்களைக் குளிப்பாட்டுவது, உடை மாற்றுவது, தலைசீவி விடுவது. அதற்கு வேண்டிய ஜெர்மன் அவளுக்குத் தெரியும். போலீஸ் பேசுகிற ஜெர்மன் தெரியாது.

விசாரித்தவர் ஹோல்ட்காம்ப் என்ற அதிகாரி. அமைதியான மனிதர். சட்டப்படி கேட்க வேண்டிய முதல் கேள்வியைக் கேட்டார். நீங்கள் இருவரும் ஒருவரையொருவர் நன்றாகப் புரிந்துகொள்கிறீர்களா? யோகம் உடனே, "ஓம், விளங்குது" என்றாள். வசுந்தராவும் ஆமாம் என்றாள். இவர்கள் இலங்கை, நீங்கள் இந்தியா, வித்தியாசம் இருக்குமே என்று அவர் மறுபடி கேட்டபோது, தமிழ் தமிழ்தான் என்று சிரித்துக்கொண்டே பதில் சொன்னாள். அவர் அதை எழுதிக்கொண்டார்.

விஷயம் இதுதான். இல்லத்தில் இருந்த பிரிங்க்மன் என்ற மூதாட்டியின் தங்கச் சங்கிலி ஆகஸ்ட் மாதத்தில் காணாமல் போயிருந்தது. அதைக் கடைசியாகக் கண்டது யோகம். முதலில் குடும்ப விவரம் கேட்டார்கள். கணவர் விமலநாதன், ஒரு தொழிற்சாலையில் வேலை. ஒரே மகள் தேனுஜா, வயது பதின்மூன்று. அடுத்த மாதம் அவளுக்குச் சாமத்தியவீடு, அழைப்பிதழ் அடித்தாகிவிட்டது என்று கேட்காததையும் யோகம் சேர்த்துச் சொன்னாள். பெண் பெரியவளானதற்கு எடுக்கும் விழா என்று வசுந்தரா விளக்கியதும், ஹோல்ட்காம்ப் நகை போடுவார்களா என்று கேட்டார். போடுவார்கள் என்று வசுந்தராவே சொல்லிவிட்டாள்.

பிறகு சங்கிலியைப் பற்றிக் கேட்டார். யோகம் வேகமாகப் பேசத் தொடங்கினாள். கண்டனான், வந்தவ, போனவை என்று சொற்கள் ஓடின. அவற்றின் பின்னால் வசுந்தராவின் காது ஓடியது. முக்கால்வாசி பிடிபட்டது. மீதியை நிறுத்திக் கேட்டிருக்கலாம். ஆனால் பத்து நிமிடத்துக்கு முன்னால்தான் தமிழ் தமிழ்தான் என்று சொல்லியிருந்தாள்.

"குளிக்க வாக்கேக்கை சங்கிலி கழண்டு கிடந்ததைக் கண்டனான். லாச்சிக்குள்ளை வைச்சுப்போட்டு உடனை மகளுக்கு எடுத்தனான்."

லாச்சி என்றால் என்ன? வசுந்தராவுக்குத் தெரியவில்லை. யோகத்தின் மடியில் இருந்த கைப்பை கண்ணில் பட்டது. அதுவாகத்தான் இருக்கும். எடுத்தனான் என்பதில் சந்தேகமே இல்லை. எடுத்தேன். மகளுக்கு எடுத்தேன். ஜெர்மனில் யாருடைய மகள் என்று சொல்லாமல் வாக்கியம் நிற்காது. என் மகள் என்று சேர்த்தாள். குளிப்பாட்டும்போது சங்கிலி கழன்று கிடந்ததைக் கண்டேன், பையில் வைத்துக்கொண்டேன், உடனே என் மகளுக்காக எடுத்துக்கொண்டேன்.

ஹோல்ட்காம்ப்பின் பேனா நின்றது. மகள் என்ற ஜெர்மன் சொல் காதில் விழுந்ததும் யோகம் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினாள். இவ்வளவு எளிதாக ஒப்புக்கொண்டுவிட்டாளே என்று வசுந்தராவுக்கு ஒரு கணம் பாவமாகக்கூட இருந்தது.

எழுதியதைத் தமிழில் வாசித்துக் காட்ட வேண்டும். அந்தச் சொல் வந்த இடத்தில் வசுந்தரா கொஞ்சம் தடுமாறினாள். பை என்று சொல்லவில்லை. லாச்சி என்றும் சொல்லவில்லை. "உள்ளே வச்சுட்டு, உடனே மகளுக்கு எடுத்தேன். சரிதானே?" என்று கேட்டாள்.

"ஓம் அக்கா. சரி."

கையெழுத்துப் போட்டுவிட்டு யோகம் வசுந்தராவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னாள்.

வீட்டுக்கு வந்து கிரிதரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். வெளியே சொல்லக்கூடாத விஷயம், தெரியும். ஆனால் அந்த மாதக் கடைசியில் நவராத்திரிக் கொலுவுக்கு நாலைந்து குடும்பங்கள் வந்திருந்தபோது, சுண்டலைக் கிண்ணத்தில் போட்டுக்கொண்டே பெயர் சொல்லாமல் அந்தக் கதையை எடுத்துவிட்டாள். எல்லோரும் ஆவலோடு கேட்டார்கள் என்பதால் குரலையும் கொஞ்சம் மாற்றி, தலையை ஒரு பக்கம் சாய்த்து, "மகளுக்கு எடுத்தனான்" என்று சொல்லிக் காட்டினாள். அறை முழுக்கச் சிரிப்பு. கிரிதர் கண்ணில் நீர் வரச் சிரித்தான். இன்னொரு தடவை சொல்லச் சொன்னார்கள். சொன்னாள்.

அக்டோபரில், மகள் நிவேதிதாவைச் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் சேர்த்தாள். எட்டு வயதுப் பெண் அம்மா என்பதைத் தவிர மற்றதையெல்லாம் ஜெர்மனில் சொல்ல ஆரம்பித்திருந்தாள். இலங்கைத் தமிழர்கள் ஒரு மாதாகோயில் கூடத்தில் நடத்திய பள்ளி அது. வகுப்பெடுத்தவர் லூர்தம்மா. கனத்த உடம்பும் கணீரென்ற குரலுமாக, எல்லோரையும் பிள்ளை என்று அழைப்பவர். இரண்டாவது சனிக்கிழமை வசுந்தராவை வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"எங்கை பிள்ளை போனனீங்கள்? வியாழக்கிழமை உங்களுக்கு ரெண்டு தரம் எடுத்தனான்."

தீபாவளி நெருங்கிக்கொண்டிருந்தது. புடவையோ, பலகாரப் பொட்டலமோ என்று நினைத்து வசுந்தராவுக்குக் கூச்சமாகிவிட்டது. பழகி ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. "அய்யோ, எனக்கெல்லாம் எதுக்குக்கா எடுக்கறீங்க? அதுவும் ரெண்டு?" என்றாள்.

லூர்தம்மா அவளை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். பக்கத்தில் நின்ற தாய்மார்களையும் கூப்பிட்டுச் சொன்னார். "இவ நான் சீலை எடுத்தனான் எண்டு நினைச்சிட்டா. டெலிபோன் பிள்ளை, டெலிபோன். உங்கட வீட்டுக்கு எடுத்தனான், ஒருத்தரும் தூக்கேல்லை."

எல்லோரும் சிரித்தார்கள். வசுந்தராவும் சிரிக்க வாயைத் திறந்தாள். திறந்த வாய் அப்படியே நின்றது.

உங்களுக்கு எடுத்தனான். உங்களுக்குப் போன் செய்தேன்.

மகளுக்கு எடுத்தனான்.

"அக்கா, லாச்சின்னா என்ன?" என்று கேட்டாள். தன் குரல் யாருடையதோ போலக் கேட்டது.

"இதென்ன பிள்ளை கேள்வி?" என்ற லூர்தம்மா வகுப்புக்குள் போய், மேசையின் இழுப்பறையை இழுத்துக் காட்டினார். உள்ளே சுண்ணக்கட்டிகளும் வருகைப் பதிவேடும் கிடந்தன. "இது லாச்சி. நீங்கள் என்னெண்டு சொல்லுவியள்?"

வசுந்தரா இழுப்பறையையே பார்த்துக்கொண்டு நின்றாள். மூதாட்டியின் அறையில் ஒரு மேசை இருந்திருக்கும். மேசையில் ஒரு இழுப்பறை. கழன்று கிடந்த சங்கிலியை அதற்குள் பத்திரமாக வைத்துவிட்டு, அந்த மூதாட்டியின் மகளுக்கு யோகம் போன் செய்திருக்கிறாள். அவள் சொன்னது அவ்வளவுதான். என் மகள் என்று அவள் சொல்லவே இல்லை. அந்த 'என்' வசுந்தரா கொடுத்தது. பை வசுந்தரா கொடுத்தது. திருட்டையே வசுந்தராதான் கொடுத்திருந்தாள்.

வீட்டில் கிரிதரிடம் சொன்னாள். அவன் கெட்டவன் இல்லை. ஆனால் வேலை அனுமதியைப் புதுப்பிக்கிற சமயம். போலீஸ், தவறான மொழிபெயர்ப்பு என்று எந்தக் காகிதத்திலும் மனைவியின் பெயர் வருவதை நினைத்தாலே அவனுக்குப் பயமாக இருந்தது.

"விட்டுடு வசு. கையெழுத்துப் போட்டது அவங்க. கோர்ட்டுன்னு ஒண்ணு இருக்கில்ல, அங்க சரி பண்ணிப்பாங்க" என்றான்.

அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு ஐந்து நாள் இருந்தாள். எடுத்தனான் என்பதை யார் வேண்டுமானாலும் தப்பாகப் புரிந்துகொண்டிருக்கலாம் என்று தனக்குத்தானே வாதாடினாள். அந்த வாதம் ஒவ்வொரு தடவையும் லாச்சியில் வந்து முட்டி நின்றது. அந்தச் சொல் புரியவில்லை என்று அப்போதே அவளுக்குத் தெரியும். தெரிந்தேதான் வாசித்துக் காட்டும்போது அதை விழுங்கினாள்.

வியாழக்கிழமை மாலை நிவேதிதா சமையலறையில் நின்றுகொண்டு, "அம்மா, ஸ்பூன் லாச்சில இல்ல" என்றாள்.

தமிழ்ப் பள்ளியில் கற்றுக்கொண்டு வந்த புதுச்சொல். வசுந்தரா அடுப்பை அணைத்துவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கிரிதர் வந்து பார்த்தான். பக்கத்தில் உட்கார்ந்தான்.

"நான் நாளைக்குப் போறேன்" என்றாள்.

"சரி" என்றான். கொஞ்சம் கழித்து, "நானும் வரேன். அன்னிக்கு நானும்தானே சிரிச்சேன்" என்றான்.

மறுநாள் ஹோல்ட்காம்ப் அவள் சொன்னதையெல்லாம் குறுக்கிடாமல் கேட்டார். பிறகு கோப்பை எடுத்து முதல் பக்கத்தைத் திறந்து அவள் பக்கம் திருப்பிவைத்தார். இருவரும் ஒருவரையொருவர் நன்றாகப் புரிந்துகொள்வதாகச் சொன்னார்கள் என்று அதில் இருந்தது. இது உண்மையா என்று கேட்டார்.

முக்கால்வாசி உண்மை என்று வசுந்தரா சொன்னாள்.

அவர் அதையும் எழுதினார். இன்று சொல்வதிலாவது எதையும் விட்டுவிட வேண்டாம் என்றார். ஆகவே புரியாத சொல்லை விழுங்கியதையும் சொன்னாள். கொலு அன்று ஊர் சிரிக்கச் சொல்லிக் காட்டியதையும் சொன்னாள். அது வழக்குக்கு வேண்டாத விஷயம்தான். சொல்லாமல் இருக்க முடியவில்லை. விசாரணையில் கேட்டதை வெளியே பேசியது தனிக் குற்றம், அதை மொழிபெயர்ப்பு நிலையத்துக்கு எழுத வேண்டியிருக்கும், இனி அவளை யாரும் கூப்பிட மாட்டார்கள் என்றார் அவர். அவள் தலையாட்டினாள்.

அவளை உட்காரவைத்துக்கொண்டே மூதாட்டியின் மகளுக்குத் தொலைபேசியில் பேசினார். ஆகஸ்டில் தாங்கள் கடற்கரைக்குப் போயிருந்ததாகவும், திரும்பி வந்தபோது தொலைபேசியின் பதிவுக்கருவியில் நிறையச் செய்திகள் இருந்ததாகவும், பாதியைக் கேட்கவே இல்லை என்றும் அந்த அம்மாள் சொன்னார். காத்திருக்கச் சொல்லிவிட்டுப் போய்த் தேடினார். ஹோல்ட்காம்ப் ஒலிபெருக்கியை அழுத்தினார்.

கரகரப்புக்கு நடுவே யோகத்தின் குரல், உடைந்த ஜெர்மனில். அம்மா சங்கிலி, கொக்கி உடைந்தது. இழுப்பறையில் வைத்தேன். தயவுசெய்து வாங்க, சரிபண்ண வேண்டும். நன்றி. வணக்கம்.

இழுப்பறை என்ற ஜெர்மன் சொல்லைத் தெளிவாக, ஒரு பிழையும் இல்லாமல் சொல்லியிருந்தாள்.

இழுப்பறையிலிருந்து சங்கிலியை எடுத்தது யார் என்பது இனித் தெரியப்போவதில்லை என்றார் ஹோல்ட்காம்ப். அந்த ஒரு மாதத்தில் அந்த அறைக்குள் எத்தனையோ பேர் வந்துபோயிருப்பார்கள். யாரையும் விசாரிக்கவில்லை. ஒரு பதில் கையில் இருந்ததால் வேறு பதிலைத் தேடவில்லை. இதைச் சொல்லும்போது அவர் வசுந்தராவைப் பார்க்கவில்லை, தன் பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். வழக்கைக் கைவிடச் சொல்லி இன்றே எழுதுவதாகவும், யோகத்துக்கு முறைப்படி கடிதம் போகும் என்றும் சொன்னார்.

கடிதம் போகும்வரை காத்திருக்க வசுந்தராவால் முடியவில்லை. முகவரியை விசாரணையன்று அவளே மொழிபெயர்த்திருந்தாள். வெளியே காத்திருந்த கிரிதரோடு நடந்தே போனாள்.

மூன்றாவது மாடி. கதவைத் திறந்தது விமலநாதன். கிரிதரைக் கண்டு வாங்கோ என்றவர், பின்னால் நின்ற பெண் தான்தான் அன்று மொழிபெயர்த்தவள் என்று சொன்னதும் வழியிலேயே நின்றுவிட்டார். உள்ளே யோகம் தரைவிரிப்பில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். நாலே வாரத்தில் முகம் வற்றியிருந்தது.

வசுந்தரா நின்றபடியே சொன்னாள். நடுவில் அழக்கூடாது என்று ரயிலிலேயே தீர்மானித்திருந்தாள். அழுதால் அவர்கள் ஆறுதல் சொல்ல வேண்டிவரும். சொல்லி முடித்தாள். மடித்த துண்டை யோகம் பிரித்து மறுபடியும் மடித்தாள்.

விமலநாதன்தான் பேசினார், ஓர் அந்நியருக்கு விவரம் சொல்வதுபோல. கையெழுத்துப் போட்ட அன்று பின்னேரமே இரண்டு போலீஸ்காரர்கள் வந்து அலுமாரிகளைக் கிளறினார்கள். சாமத்தியவீட்டுக்கென்று கனடாவிலிருந்து தேனுஜாவின் மாமன் அனுப்பிய சங்கிலியை ஒரு பையில் போட்டு எண் ஒட்டிக்கொண்டு போனார்கள். மாடிப்படி நெடுகக் கதவுகள் திறந்திருந்தன. யோகத்தை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். விழாவை நிறுத்தியாயிற்று. ஹம் கோயிலில் அன்னதானப் பந்தியில் பக்கத்தில் இருந்தவர்கள் கைப்பையை மறுபக்கம் மாற்றி வைத்தார்கள்.

"நான் எண்பத்தஞ்சிலை ஷோனெஃபெல்ட் எயர்போட்டிலை வந்து இறங்கினனான்" என்றார் விமலநாதன். "ஊரிலை காக்கிச்சட்டையைக் கண்டால் வேலி பாய்ஞ்சு ஓடினவன். இஞ்சை அப்பிடி இல்லை, பொலிசிட்டைப் பயமில்லாமல் போகலாம் எண்டு சொல்லித்தான் பிள்ளையை வளர்த்தனான். இவளையும் நான்தான் போ எண்டு அனுப்பினனான். உண்மையைச் சொல்லு, அது போதும் எண்டு. இப்ப பிள்ளை ரோட்டிலை பொலிஸ் காரைக் கண்டால் யன்னல் சீலையை இழுத்து மூடுறாள்."

உள்ளறைக் கதவு ஒரு விரல் அளவு திறந்திருந்தது. அதற்குப் பின்னால் ஒரு சிறுமி நிற்பது வசுந்தராவுக்குத் தெரிந்தது. நிமிர்ந்து பார்க்கத் துணிவு வரவில்லை.

யோகம் துண்டைக் கீழே வைத்தாள். "பொலிசிலை எனக்குக் கோவம் ஒண்டுமில்லை. அவங்களுக்கு எங்கட பாஷை தெரியாது" என்றாள். "உங்களைக் கண்டவுடனை நான் என்ன சொன்னனான் எண்டு ஞாபகம் இருக்கோ?"

"இருக்கு. இப்பதான் மூச்சு வருதுன்னு சொன்னீங்க."

"லாச்சி விளங்காட்டி ஏன் நீங்கள் என்னட்டைக் கேக்கேல்லை? நான் சொல்லியிருப்பன்தானே. கையாலை காட்டியெண்டாலும் சொல்லியிருப்பன்."

எத்தனையோ பதில்களை வசுந்தரா ஐந்து நாளாகத் தயார்செய்து வைத்திருந்தாள். அவற்றில் ஒன்றும் இந்த அறையில் நிற்காது என்று தெரிந்தது.

"கேட்டா எனக்குத் தெரியாதுன்னு அந்த அதிகாரிக்குத் தெரிஞ்சுடும். அது வெட்கமா இருந்தது" என்றாள்.

யோகம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபமாகக்கூடத் தெரியவில்லை. இவ்வளவு சின்ன விஷயத்துக்கா என்று நம்ப முடியாமல் பார்ப்பதுபோல இருந்தது. அந்தப் பார்வைக்குப் பதில் ஓர் அடி கொடுத்திருந்தால் தேவலை.

முதியோர் இல்லத்துக்கும் தானே எழுதுவதாக வசுந்தரா சொன்னாள். கோயில் நிர்வாகத்திடமும், அழைப்பிதழ் போன வீடுகளிலும் வந்து தன் வாயால் சொல்லத் தயார் என்றாள். கொலுவுக்கு வந்த குடும்பங்களிடமும் சொல்ல வேண்டும் என்று கிரிதர் மெல்லச் சேர்த்தான். அது எதற்கென்று யோகத்துக்குப் புரியவில்லை. வசுந்தரா அதையும் சொன்னாள். குரலை மாற்றிச் சொல்லிக் காட்டியதை, இரண்டு தடவை சொல்லிக் காட்டியதை. உள்ளறைக் கதவு சத்தமில்லாமல் மூடிக்கொண்டது.

யாரும் தேநீர் தரவில்லை. உட்காரவும் சொல்லவில்லை. வசுந்தரா ஒரு தாளில் தன் தொலைபேசி எண்ணை எழுதி மேசைமேல் வைத்தாள். எழுதும்போது ஏழாவது இலக்கம் தப்பி, அடித்துத் திருத்த வேண்டியிருந்தது. யோகம் அந்தத் தாளைத் தொடவில்லை. கிரிதர் கதவைத் திறந்துகொண்டு படியில் போய் நின்றான்.

வாசலைத் தாண்டும்போது பின்னாலிருந்து யோகத்தின் குரல் வந்தது. இந்தத் தடவை அக்கா என்று அழைக்கவில்லை.

"இல்லத்துக்கு நீங்கள் எழுதுற கடிதத்தை முதல் எனக்கு வாசிச்சுக் காட்ட வேணும். நான் இவரோடை கதைச்சுப்போட்டு எடுக்கிறன்."

வசுந்தரா திரும்பினாள். அந்தச் சொல்லின் அர்த்தம் இப்போது அவளுக்கு நன்றாகவே தெரியும். ஆனாலும் கேட்டாள்.

"எடுக்கிறன்னா, போன் பண்றதுதானே?"

யோகம் மடித்த துணிகளை அடுக்கிக் கையில் தூக்கிக்கொண்டு எழுந்தாள்.

"ஓம்" என்றாள். "போன்தான்."